மௌனப் புளி

மருதையாற்றின் இரு கரைகளிலும் இலக்கியம் பேசி வந்தவர்களிடையே, யாரும் எழுதி வைக்காத, ஆனால் எவரும் மீறாத விதி ஒன்று இருந்தது: ஒருவர் மேடையில் ஒரு கருத்தைச் சொன்னால், அது அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கக் கூடாது. கருத்து நன்றாயிருந்தால் கைதட்டலாம். மிக நன்றாயிருந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

இந்த ஏற்பாட்டினால் யாருக்கும் குறையில்லை. பெரம்பலூரில் திங்களன்று வாசிக்கப்பட்ட கட்டுரை வெள்ளிக்கிழமைக்குள் பஸ் ஏறி அரியலூருக்கு வந்து, வேறு தலைப்பை அணிந்துகொண்டு, வேறு ஒருவர் குரலில் ஒலிக்கும். முதலில் வாசித்தவரே அங்குத் தலைமை தாங்கி, "இது முற்றிலும் புதுமையான பார்வை" என்று பாராட்டுவார். அதில் பொய் ஏதும் கிடையாது. முந்தைய மாதம் அதை வேறோர் இடத்தில் கேட்டபோது அவருக்கும் அது புதுமையாகத்தான் பட்டது. மிக அவசியமானால் "அறிஞர் கூறுவர்" என்று சேர்த்துக்கொள்வார்கள். எந்த அறிஞர் என்பது வாசிப்பவருக்கும் தெரியாது, அறிஞருக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட அமைதியான உலகத்தில்தான் எண்பத்தொன்றாம் ஆண்டு ஒரு தட்டச்சுப் பொறியின் விசை ஒடிந்தது.

அந்தப் பொறி பெரம்பலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, வேம்பு நடத்திய தட்டச்சுப் பயிலகத்தில் இருந்தது. பகலில் அரசுத் தேர்வுக்குப் பயில்வோர் அதன் மேல் விரல் பழகுவார்கள். ஓய்ந்த நேரங்களில் வேம்பு அதில் ஸ்டென்சில் எனும் மெழுகுத்தாளை வெட்டி, ரோனியோ என்ற படியெடுப்பு இயந்திரத்தின் உருளையில் சுற்றி, 'சுண்ணாம்பு' என்ற சிற்றிதழை வெளியிட்டு வந்தான். இதழின் ஆசிரியர், அச்சிடுபவர், தபால் தலை ஒட்டுபவர் எல்லாம் அவனே. ஒடிந்துபோனது புள்ளி விசை. க், ச், ட் என்று மெய்யெழுத்தின் தலையில் வைக்கப்படும் புள்ளியை இனி அந்தப் பொறி தராது. வேம்பு கலங்கவில்லை. புள்ளியே இல்லாமல் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு, பிறகு எழுத்தாணியால் ஒவ்வொரு புள்ளியாக ஸ்டென்சிலில் குத்தினான். அவனுடைய உற்சாகத்துக்கு அது ஒரு விளையாட்டாகவே இருந்தது.

அந்த இதழுக்குக் கட்டுரை அனுப்பியவள் மலர்கொடி. மீன்சுருட்டியில் நெல்லும் முந்திரியும் பயிரிடும் குடும்பத்துப் பெண். அரியலூர் மருதையாறு கலைக் கல்லூரியில் அப்போது முதுகலை இறுதியாண்டு. புதுக்கவிதைகளில் வரி முடியும் இடத்தில் வைக்கப்படும் மூன்று புள்ளிகளைப் பற்றி அவள் ஓராண்டாக யோசித்து எழுதியிருந்தாள். "மெய்யெழுத்தின் தலையில் புள்ளி ஏறி அமர்ந்ததும் உயிர் நீங்குகிறது, எழுத்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அதே புள்ளி கவிதை வரியின் இறுதியில் வந்து நிற்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்பவன் வாசகன்." இந்த இடத்துக்கு அவள் இட்ட பெயர் 'மௌனப் புள்ளி'. கட்டுரையின் கீழே 'மீன்சுருட்டியான்' என்று புனைபெயர் போட்டிருந்தாள். ஆண் பெயர் போட்டால் நான்கு பேர் கூடுதலாகப் படிப்பார்கள் என்பது அவளுடைய கணக்கு.

இதழ் கைக்கு வந்த அன்றே அவள் பஸ் பிடித்துப் பெரம்பலூருக்குப் போனாள்.

"வேம்பண்ணே, என்னண்ணே இது? மௌனப் புளின்னு போட்டிருக்கீங்க?"

"ஏன், நீ எழுதுனதுதான?"

"நான் எழுதுனது புள்ளி. பு, ள், ளி."

வேம்பு ஸ்டென்சிலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். புள்ளி விசை இல்லாததால் அந்தச் சொல் 'புளளி' என்று விழுந்திருந்தது. ள ஒன்று ஒட்டிக்கொண்டு இரண்டு தரம் அடித்துவிட்டது என்று நினைத்து, அவன் திருத்தும் சிவப்புத் திரவத்தால் ஒன்றை மூடியிருக்கிறான். ஓரிடத்தில் அல்ல. பொறுப்புள்ள ஆசிரியனாகக் கட்டுரை முழுவதும்.

"புள்ளிய பத்தி எழுதுன கட்டுரைல புள்ளிய தொலைச்சிட்டீங்களேண்ணே!"

"கோச்சுக்காத தங்கச்சி. நானும் படிச்சுப் பாத்தேன். 'வரியின் முடிவில் கவிஞன் மூன்று புளிகளை வைக்கிறான்'னு வந்துச்சு. சரி, ஏதோ பெருசா சொல்லுறேன்னு நெனச்சுக்கிட்டேன்."

"மௌனப் புளின்னா என்னண்ணே அர்த்தம்?"

"புதுக்கவிதைல போயி அர்த்தம் கேக்குறியே, உனக்கே நல்லாருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் அடுத்ததைப் பார்த்தாள். இடம் போதாமல் புனைபெயரில் 'மீன்' நறுக்கப்பட்டு, 'சுருட்டியான்' மட்டும் நின்றது. எங்கோ எதையோ சுருட்டிக்கொண்டு ஓடியவன் போல.

"அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுர்றேன்" என்றான் வேம்பு. அடுத்த இதழ் வரவேயில்லை. காகிதம் விலையேறிவிட்டது. 'சுண்ணாம்பை' யார் படிக்கப்போகிறார்கள் என்று மலர்கொடியும் விட்டுவிட்டாள்.

படித்தவர் ஒருவர் இருந்தார். அவளுடைய கல்லூரியிலேயே தமிழ்த்துறைத் தலைவராயிருந்த பேராசிரியர் குழந்தைவேல். மென்மையான மனிதர், மாணவர்களை 'வாங்க' என்று அழைப்பவர், ஆண்டுக்கு ஒரு புதிய கருத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பில் இருந்தவர். 'சுருட்டியான்' என்ற பெயரைப் பார்த்ததும் அவருடைய மனச்சாட்சி அமைதியடைந்தது. இந்தப் பெயருள்ளவன் இதை வேறெங்கோ சுருட்டியிருப்பான், ஆகவே நாம் எடுப்பது அவனிடமிருந்து அல்ல என்று அவர் தர்க்கப்படி முடிவு செய்தார். அடுத்த கருத்தரங்கில் 'மௌனப் புளி: ஒரு கோட்பாடு' வாசிக்கப்பட்டது.

புளி அவரைச் சிறிதும் தடுக்கவில்லை, மாறாக, வளர்த்தது. கவிதையின் பொருள் ஓட்டுக்குள் ஒட்டாமல் கிடக்கும் பழம் என்றார். வாசகன் அதை ஊறவைக்க வேண்டும், கரைக்க வேண்டும், பிழிய வேண்டும். சாறு வாசகனுக்கு, சக்கை விமர்சகனுக்கு என்றார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கடைசி வரிசையில் மலர்கொடியின் தோழி தனம் மட்டும் அவள் தொடையைக் கிள்ளினாள்.

"ஏண்டி, இது உன் கட்டுரைல்ல?"

"ஆமா."

"எந்திரிச்சுக் கேளுடி."

"எப்படிடி கேக்குறது? யாராச்சும் கேட்டுப் பாத்திருக்கியா?"

தனம் யோசித்தாள். பிறகு அவளும் கைதட்டினாள்.

அதே அரங்கின் முன்வரிசையில் பெரம்பலூர்ப் பேராசிரியர் நல்லுசாமி அமர்ந்திருந்தார். உயர்ந்த உருவம், குரலும் அதற்கேற்ப. ஒலிபெருக்கி கரகரத்தது, குழந்தைவேலின் நாக்கு ளகரத்தில் என்றுமே உறுதியாக நின்றதில்லை. நல்லுசாமியின் காதில் விழுந்தது 'மௌனப் புலி'. ஊறவைப்பது, கரைப்பது என்று வந்த பகுதியில் அவர் சற்றுக் கண்ணயர்ந்திருந்தார் என்று கொள்ள வேண்டும். விழித்தபோது காதில் விழுந்தது அந்த அரிய வாக்கியம்: "மெய்யின் தலையில் புலி ஏறி அமர்ந்ததும் உயிர் நீங்குகிறது." மெய் என்றால் உடல். உடலின் தலையில் புலி ஏறினால் உயிர் நீங்காமல் என்ன செய்யும்? நல்லுசாமி பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் புல்லரித்துக்கொண்டே போனார். நான்கு மாதத்தில் அவருடைய 'மௌனப் புலி' நூலாக வெளிவந்தது. அட்டையில் மூன்று புலிகள் வரிசையாக, வாயை மூடிக்கொண்டு நின்றன.

அதன் பிறகு வட்டாரத்தில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் தோன்றின. பெரம்பலூரில் புலி, அரியலூரில் புளி. ஒரு பக்கம் 'புலியின் வால்: ஒரு மறுநோக்கு'. மறுபக்கம் 'புளியங்கொட்டையின் குறியீட்டுத் தன்மை'. ஒரு கல்லூரித் தேர்வில் "மௌனப் புலியின் பாய்ச்சலைச் சான்று தந்து விளக்குக" என்று கேட்டார்கள். "இவ்வினம் நம் பகுதியில் அருகி வருகிறது" என்று எழுதிய மாணவனுக்குப் பத்துக்கு ஏழு கிடைத்தது. இரு பள்ளியினரும் ஒருவர் மேடைக்கு ஒருவர் சென்று, மாலை வாங்கி, போண்டா தின்று, புதுமையான பார்வை என்று பாராட்டிக்கொண்டார்கள். எவருடையது முதலில் என்ற கேள்வி எழவேயில்லை. எழுந்தால் அல்லவா பதில் தேட வேண்டும்?

சிக்கல் வந்தது மலர்கொடியின் எம்.ஃபில். ஆய்வேட்டினால். அவள் தன் புள்ளியைக் கைவிடவில்லை. 'புதுக்கவிதையில் மௌனப் புள்ளி' என்பதே தலைப்பு. நெறியாளராக அவளுக்கு வாய்த்தவர் குழந்தைவேல். புறத் தேர்வாளராகப் பல்கலைக்கழகம் அனுப்பிய பெயர் நல்லுசாமி.

குழந்தைவேல் ஆய்வேட்டை இரண்டு நாள் வைத்திருந்து, மூன்றாம் நாள் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"உக்காருங்கம்மா. நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இந்தப் புள்ளி... இது வேண்டாமே."

"ஏங்கய்யா?"

"எனக்குப் புளி. அவருக்குப் புலி. நீங்க ரெண்டுல எதையாச்சும் போட்டுட்டுப் போங்க. புலின்னு போட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன். புதுசா ஒண்ணக் கொண்டாந்தா, எது மொதல்லன்னு பேச்சு வரும்."

அவருடைய முகத்தில் ஒரு வேண்டுதலே இருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று மலர்கொடி உற்றுப் பார்த்தாள். தெரிந்துவிட்டது, ஆய்வேட்டின் முகப்புப் பக்கத்தில் 'மீன்சுருட்டி, அரியலூர் வழி' என்று இருந்த அவள் முகவரியில், 'சுருட்டி' என்ற எழுத்துகளின் மீது அவருடைய கட்டைவிரல் அசையாமல் கிடந்தது.

"புள்ளி இருக்கட்டுங்கய்யா."

"அப்ப நான் கையெழுத்துப் போடுறேன். வாய்மொழித் தேர்வுல மட்டும் என் வாயைக் கெளறாதீங்க."

அவளுக்கு அந்தப் பட்டம் கட்டாயம் வேண்டும். கல்லூரியில் விரிவுரையாளர் இடம் ஒன்று காலியாயிருந்தது. தேர்வு தேறினால் ஜூனில் சேரலாம் என்று சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் ஜெயங்கொண்டத்தில் மாமாவின் உரக்கடையில் உட்கார்ந்து யூரியாவுக்கு ரசீது எழுத வேண்டும். மாமா ஏற்கெனவே நாற்காலி வாங்கி வைத்துவிட்டார். சுழல்நாற்காலி. அதைப் பற்றிக் குடும்பத்தில் எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடந்தது. புளியும் புலியும் ஒரே அறையில் அமரப்போகின்றன என்ற செய்தி பரவி, பெரம்பலூரிலிருந்து வந்த பஸ் முழுவதும் புலி ஆய்வாளர்களால் நிரம்பியிருந்தது. நடத்துநர் ஏதோ கல்யாணக் கூட்டம் என்று நினைத்து, "மாப்ளை வூட்டுக்காரங்களா?" என்று கேட்டாராம். வேம்பும் அதே பஸ்ஸில் வந்தான். கடைசி வரிசையில் போண்டாத் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டான்.

நல்லுசாமி ஆய்வேட்டை உயர்த்திக் காட்டினார்.

"இந்த ஏட்டின் மையக் கருத்து என் நூலில் உள்ளது. அப்படியே உள்ளது. மறைப்பதற்காகப் புலியை அடித்துவிட்டுப் புள்ளி என்று வைத்திருக்கிறார் இந்தப் பெண். இதற்கு என்ன பெயர் என்பதை நான் சொல்ல விரும்பவில்லை."

சொல்லிவிட்டதைப் போலவே அறை அதிர்ந்தது. தனம் கைக்குட்டையைக் கடித்தாள். மலர்கொடி எழுந்தாள், உதட்டோரம் எதுவோ துடித்தது. அது சிரிப்பு.

"ஐயா, ஒரு சந்தேகங்க. கவிதையில புலி எங்கங்கய்யா இருக்கு?"

"வரி முடியுற எடத்துல மூணு புள்ளி இருக்குதில்ல?"

"இருக்குதுங்க."

"ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு. புதருக்குள்ள புலியோட மூஞ்சி. கவிதையோட வரிகள்தான் உடம்புல உள்ள வரிகள்." புலிப் பள்ளி மொத்தமும் குனிந்து குறிப்பெடுத்தது. இது நூலில் இல்லாத புதிய கருத்து.

குழந்தைவேல் வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தார். ஆனால் மூக்கு என்ற சொல்லை அவரால் தாங்க முடியவில்லை.

"மூக்காவது முழியாவது! அது புளிங்க. பு, ளி. ஊற வைக்கிறது!"

"புளி பாயுமாய்யா?"

"புலியக் கரைக்க முடியுமாங்க?"

"உங்க புளி மெய்யோட தலைல ஏறுனா உயிர் எப்படிய்யா போகும்? ரசம்தான் வரும்!"

"ரசம்தானேய்யா கவிதை!" என்று குழந்தைவேல் மேசையைத் தட்டினார். தட்டிய வேகத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டது. அரியலூர்க்காரர்கள் ஆரவாரித்தார்கள், அந்தப் பதில் அவருடைய வாழ்நாளின் ஒரே சொந்தக் கருத்து என்பதைப் பாவம், அவர்கூட அறியவில்லை. பெரம்பலூர்க்காரர்கள் உறுமினார்கள். உண்மையாகவே உறுமினார்கள்.

"நான் எழுதுன பொறவு நீர் பேசுறீரா?" என்றார் நல்லுசாமி.

"நான் வாசிச்ச பொறவுதானய்யா நீர்..."

குழந்தைவேல் நின்றுவிட்டார். அறையும் நின்றது. அடுத்த சொல் வந்தால் விதி உடையும். இருவரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். ஒரே நேரத்தில் அமர்ந்தார்கள்.

"டீ வரட்டும்" என்றார் நல்லுசாமி.

அந்த இடைவெளியில் மலர்கொடி சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகைக்குப் போனாள். 'மௌனப் புள்ளி' என்று பெரிதாக எழுதினாள். "வேம்பண்ணே, உங்க மெஷின்ல எந்த விசை ஒடிஞ்சுது?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"புள்ளி" என்றான் வேம்பு, வாய் நிறையப் போண்டாவுடன்.

அவள் ள் தலையிலிருந்த புள்ளியைச் சுண்டுவிரலால் துடைத்தாள். பலகையில் 'புளளி' நின்றது. "அப்பறம் என்ன செஞ்சீங்க?"

"ள ஒண்ணு கூடப்போச்சுன்னு அழிச்சேன்."

அவள் ஒரு ளகரத்தை அழித்தாள். 'புளி'. அரியலூர் வரிசைகளில் யாரோ 'ஆ' என்றார்கள். அவள் ளகரத்தை லகரமாக மாற்றி, மேசை மேலிருந்த ஒலிபெருக்கியை ஒரு தட்டுத் தட்டினாள். அது கரகரத்தது. 'புலி'. பெரம்பலூர் வரிசைகளில் பேனாக்கள் மூடப்படும் ஓசை ஒவ்வொன்றாகக் கேட்டது.

விதி இன்னும் முழுசாகத்தான் இருந்தது. ஆனால் கண்களுக்கு விதி கிடையாது. நல்லுசாமியின் கண் தன்னையறியாமல் குழந்தைவேலிடம் போனது. குழந்தைவேலின் கண் வேம்பிடம் போனது. வேம்பு, கண்ணால் சொல்லத் தெரியாதவனாகையால், பாதிப் போண்டாவை நீட்டி மலர்கொடியைக் காட்டினான். தனத்தின் கைக்குட்டை வாயிலிருந்து விழுந்தது. முதல் சிரிப்பு அவளுடையது. பிறகு அது பெஞ்சு பெஞ்சாகப் பரவி, புலி எது புளி எது என்று தெரியாத அளவுக்கு அறை முழுவதும் குலுங்கியது.

நல்லுசாமி மட்டும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தாளை மேசையில் விரித்து, பேனா மூடியைத் திறந்து, தணிந்த குரலில், ஏறத்தாழ அன்போடு பேசினார்.

"அம்மா, எதுக்கு வம்பு? 'மௌனப் புலி, பேராசிரியர் நல்லுசாமி'ன்னு ஒரே ஒரு அடிக்குறிப்பு போட்டுருங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுர்றேன். ஜூன்ல வேலைக்குப் போங்க. எல்லாருக்கும் நல்லது."

குழந்தைவேல் அவளைப் பார்த்துக் கெஞ்சலாகத் தலையசைத்தார். அவள் அந்தப் பேனாவைப் பார்த்தாள். அதன் முனையில் மை திரண்டு, ஒரு சொட்டாக, விழாமல் நின்றது. ஜெயங்கொண்டத்துச் சுழல்நாற்காலி ஒரு முறை கண்முன் சுழன்றது. அதில் உட்கார்ந்து சுற்றினால் எப்படி இருக்கும் என்றுகூட அவள் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள், மோசமாக இருக்காது.

பிறகு அவள் பலகைப் பக்கம் திரும்பி, அழிந்த எழுத்துகளை மீண்டும் எழுதி, ளகரத்தின் தலையில் சுண்ணக்கட்டியை நச்சென்று குத்தினாள். தூள் பறந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் குரலில், சிரிப்பை அடக்க முயலாமலே கேட்டாள்:

"அடிக்குறிப்பு போட்டுர்றேங்கய்யா. சரியா போடணும் பாருங்க, அதுக்காகக் கேக்குறேன். இந்தக் கருத்த நீங்க எங்கேருந்துங்க எடுத்தீங்க?"